கொண்டை ஊசியின் உள்பக்கம்

அந்தப் பூவை எடுத்துத் தொலைங்கப்பா என்று கத்த வேண்டும் போலிருந்தது சென்னியப்பனுக்கு, ஹெல்மெட்டுக்குள் கத்தினால் எவன் காதில் விழப்போகிறது, இத்தனை வண்டியும் ஒன்றாக உறுமிக்கொண்டு நிற்கிற இடத்தில் பெற்ற தாய் கூப்பிட்டாலே கேட்காது. வலது ஜன்னலுக்கு நேரே, கொஞ்சம் முன்னால், முதல் இடத்துக்கென்று போட்ட வெள்ளைக் கட்டம் காலியாகக் கிடந்தது, நடுவில் ஒரு ரோஜா மாலை, கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற அளவுக்குக் கனமான மாலை, அதிலிருந்து இதழ்கள் பிய்ந்து பிய்ந்து பாலக்காட்டுக் காற்றில் இவன் வழிக்கு வந்துகொண்டிருந்தன. டயருக்கு அடியில் பூ சிக்கினால் வழுக்கும், வழுக்கினால் கிளம்புவது பிந்தும், பிந்தினால் போச்சு. இதைப் போய் நினைக்கிறேனே, மனுஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவனுக்குப் போட்ட மாலையைப் பார்த்து வழுக்குமா வழுக்காதா என்று கணக்குப் பார்க்கிறேனே, சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டான், திட்டிக்கொண்டே இதழ்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்றும் பார்த்தான். செத்துப்போன தேவசகாயமே இவன் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பான். பார்த்ததோடு நிற்காமல், முதலாளி, பூ உங்க பக்கமா வருது, சூதானமுங்க, என்று வாய்விட்டே சொல்லியிருப்பான். ரேஸுக்கு முன்னால் அடுத்தவன் வயிற்றைக் கலக்காவிட்டால் அந்த ஆளுக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு ரேஸுக்கும், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாமனார் வீட்டுக்கு வந்தவன் கணக்காக மெல்ல நடந்து இவன் வண்டியருகே வந்து, முன் டயரைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டி, காத்து கம்மியா இருக்குதுங்களே என்று சொல்லிவிட்டுப் போவான். காற்றெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அது இவனுக்கும் தெரியும், தட்டினவனுக்கும் தெரியும், இருந்தும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லாமல் சென்னியப்பன் ஒரு நாளும் கிளம்பியதில்லை. இன்றைக்கு யாரும் வந்து தட்டவில்லை. தட்டாத டயரை நம்பவே முடியவில்லை, இன்றைக்குத்தான் நிஜமாகவே காற்றுக் கம்மியோ என்று பட்டது.

காலிக் கட்டம் என்பது ஓட்டுகிறவர்களுக்குள் இருக்கும் பழக்கம். கூட ஓட்டினவன் செத்துப்போனால் அடுத்த ரேஸில் முதல் கட்டத்தை அவனுக்கு விட்டுவிடுவார்கள், எப்பேர்ப்பட்ட வேகக்காரனும் இரண்டாவதிலிருந்துதான் நிற்க வேண்டும். நேற்று நடந்த தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகம் சென்னியப்பன்தான், இருந்தும் நிற்பது இரண்டில். செத்தும் முன்னால்தான் நிற்பேன் என்றால் என்னய்யா நியாயம் இது? நியாயமோ இல்லையோ, வழக்கம் அதுதானே, இத்தனை வருஷமும் தேவசகாயம் ஒன்று, சென்னியப்பன் இரண்டு, கோயமுத்தூரில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டாலும் கையைத் துடைத்துக்கொண்டு அதைத்தான் சொல்வார்கள். கடையில் விற்கிற சாதாரணக் காரை உரித்து, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்து, உள்ளே இரும்புக் கூண்டு கட்டி ஓட்டுகிற ரேஸ் இது, யாரிடம் என்ன வண்டி இருக்கிறது என்பதைவிட யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் பேச்சு. போத்தனூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தேவசகாயம் தன் வண்டிக்கு மயில்கழுத்துப் பச்சை அடித்திருந்தான், கண்ணாடியில் அந்தப் பச்சை தெரிந்தாலே பாதிப்பேர் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். பம்புசெட்டுக் கம்பெனிக்காரன் என்பதால் இவனை முதலாளி என்று கூப்பிடுவான், அதில் கிண்டல் முக்கால், மரியாதை கால், சில நாள் நேர்மாறாகவும் இருக்கும். இவன் பதிலுக்கு வாங்க தேவசகாயம் என்பதோடு நிறுத்திக்கொள்வான். அண்ணா என்று கூப்பிட்டிருக்கலாம். வயதில் மூத்தவன்தான், டிராக்கில் அத்தனை பேரும் தேவண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள், போன வருஷம் ஓட்ட வந்த ஆம்பூர்க்காரப் பெண் ரிஹானாகூட. இவன் நாக்குக்கு மட்டும் வரவில்லை. தோற்கடிக்க வேண்டிய ஆளை அண்ணா என்று கூப்பிட்டால் அப்புறம் எப்படி முட்டித் தள்ளுவது? ஒரே ஒரு வருஷம் பட்டத்தை வாங்கிவிட்டு அதற்கப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான். வைத்தான், வைத்தான், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். அதுவும் எப்படி, இந்த வருஷப் புள்ளியில் இவனுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டான். இன்றைக்கு வருஷத்தின் கடைசி ரேஸ். சென்னியப்பன் முதலாவதாக வந்தால் பட்டம் அவனுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக. இரண்டாவதாக வந்தால் பட்டம் செத்தவன் பேருக்கே போய்விடும்.

மாலையை எடுக்க ஒரு மார்ஷல் ஓடிவந்தான், கொடி பிடிக்கிற கையால் மாலையைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குனிந்தபடி ஓடினான். மேலே விளக்குகள். ஒவ்வொன்றாகச் சிவப்பு எரியும், எல்லாம் எரிந்து முடித்து ஒரேயடியாக அணையும்போது பாய வேண்டும். விளக்கைப் பார்த்தாலே இப்போதெல்லாம் உக்கடம் ஞாபகம் வருகிறது. உக்கடத்தில், சிக்னலில், வீட்டுக்குக் கறி வாங்கிக்கொண்டு போகிற வழியில்தான் தேவசகாயம் செத்துப்போனான். சிவப்பு விழுந்ததும் நிறுத்தியிருக்கிறான், பச்சை விழுந்திருக்கிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ்காரனும் ஆட்டோக்காரனும் ஹாரன் அடித்திருக்கிறார்கள், இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டித் திட்டியிருக்கிறார்கள். யாரைத் திட்டுகிறீர்கள் தெரியுமா, விளக்கு அணைகிற அந்த இமைப்பொழுதில் தமிழ்நாட்டிலேயே முதலில் கிளம்புகிற காலைத் திட்டுகிறீர்கள்! அந்தப் போன் வந்தபோது சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கேட்டதும் மனதில் முதலில் வந்து நின்றது ஐயோ இல்லை, அப்போ பட்டம் என்கிற வார்த்தைதான். ஐயோ அதற்குப் பின்னால்தான் வந்தது. வெட்கக்கேடு. போத்தனூர்க் கல்லறையில் எல்லோருக்கும் பின்னால் நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தான், அழுகை வரவில்லை, வராததற்கும் சேர்த்து வெட்கப்பட்டான். இந்தச் சிவப்பு அணையும்போது என் நெஞ்சும் நின்றுவிட்டால், பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்களா, ரேஸ் வண்டியில் ஹாரனே கிடையாதே, இடித்துவிட்டுத்தான் போவார்கள். காலையில் தேவசகாயத்தின் மனைவி ஸ்டெல்லா இவன் வண்டியிடம் வந்தாள். புருஷன் ஓட்டிய ஒவ்வொரு ரேஸையும் கொண்டை ஊசி வளைவின் வேலியோரம் நின்று பார்த்தவள், இன்றைக்கும் அங்கேதான் நிற்கப்போவதாகச் சொன்னாள். துக்கம் விசாரிக்க வாயெடுத்தவனை நிறுத்திவிட்டாள்.

“அவரு இருந்திருந்தா உங்களுக்கு விட்டுக் குடுத்திருப்பாராங்க? மாட்டாரு. நீங்களும் குடுக்கக் கூடாது. குடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுரும்.”

மாட்டேனுங்க என்று சொன்னான், நெஞ்சாரச் சொன்னான், எனக்கு வேணுமுங்க அந்தப் பட்டம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததை மட்டும் விழுங்கிக்கொண்டான். ஒன்று எரிந்தது, இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் எரிந்தன, அணைந்தன, அட நெஞ்சு நிற்கவில்லை, கால் தானாக எழுந்தது, டயர் ஒரு நொடி வழுக்கிச் சுழன்று அப்புறம் கவ்வியது, காலிக் கட்டத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு சென்னியப்பன் பாய்ந்தான், எதிரே ஒரு வண்டி கிடையாது, ஒரு பின்விளக்கு கிடையாது, ஹோ என்று திறந்து கிடக்கிறது ரோடு. இப்படி ஒரு ரோட்டை அவன் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் முதல் வளைவு வரைக்கும் அவன் பார்த்தது மயில்கழுத்துப் பச்சை டிக்கியைத்தான், அதிலிருந்த ஒரு சொட்டை, அந்தச் சொட்டைக்குக் காரணமே இவன் பம்பர்தான், வேண்டுமென்றே தட்டி நிமிர்த்தாமல் வைத்திருந்தான் படுபாவி, உங்க கையெழுத்து முதலாளி, அழிக்க மனசு வரலே என்று. இப்போது அந்தச் சொட்டை இல்லாமல் எங்கே பிரேக் பிடிப்பது என்றே தெரியவில்லை. முதல் வளைவில் கொஞ்சம் முன்னாலேயே பிடித்துவிட்டான், பனைமர வளைவில் கொஞ்சம் பிந்திவிட்டான், வண்டி மண்ணைத் தொட்டுத் திரும்பியது. மற்றவன் காலைப் பார்த்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம் போல, சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது, ஆனால் இரண்டு மூன்று சுற்றில் உடம்பு பிடித்துக்கொண்டது, அப்புறம் பாருங்கள், இன்ஜின் பாட, ஸ்டீரிங் சொன்னபடி கேட்க, வியர்வை கண்ணில் வழிய, ஐம்பதைத் தாண்டிய உடம்பு என்பதே மறந்துபோயிற்று. மனுஷனுக்கு இதைவிட ஒரு சந்தோஷம் எங்கே கிடைக்கும் சொல்லுங்கள். கண்ணாடியில் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது ரிஹானாவின் ஆரஞ்சு வண்டி மட்டும்தான், மற்றவர்கள் புழுதியில் எங்கேயோ.

கியரை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு ஞாபகம் கையில் இடறியது. சில வருஷம் முந்தி, ரேஸுக்கு முதல் நாள் சாயங்காலம் இவன் கியர்பாக்ஸ் உடைந்தது. மாற்றுக்கு இவனிடம் இல்லை, தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை, சரி வீட்டுக்குப் போவோம் என்று உட்கார்ந்திருந்தபோது தேவசகாயம் தன் மாற்று கியர்பாக்ஸை ஒரு தள்ளுவண்டியில் வைத்து, தானே தள்ளிக்கொண்டு வந்தான். எதுக்குங்க, நான் இல்லேன்னா உங்களுக்கு நல்லதுதானே என்று இவன் கேட்டதற்கு, நீங்க இல்லாம ஜெயிச்சா பல்லு வெளக்காம காப்பி குடிச்ச மாதிரி இருக்கும் முதலாளி என்றான். மறுநாள் அதே கியர்பாக்ஸோடு ஓடிய இவனைக் கடைசிச் சுற்றில், கொண்டை ஊசியில், உள்பக்கமாகப் புகுந்து மூக்கு நீளத்தில் ஜெயித்தான். ஜெயித்துக் கோப்பையை வாங்கின கையோடு வந்து, எம்பட கியர்பாக்ஸைக் கழட்டிக் குடுத்துருங்க என்று நின்றான். அந்த உள்பக்கம், அதுதான் அந்த ஆளின் கைவரிசை, அதுதான் இவன் சாபம். எப்போதாவது இவன் முந்திவிட்டால் அப்புறம் பின்னாலேயே சாதுவாக வருவான், கடைசிச் சுற்றில், வளைவுக்கு முன்னால் ரோட்டோரமாக இருக்கிற பழங்கிணறு தாண்டியதும் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல், வலதுபக்கம் ஒரு ஆட்டுக்குட்டி நுழைகிற சந்து இருந்தாலும் போதும், பூந்துவிடுவான். எத்தனை ராத்திரி தூக்கத்தில் இவன் வலதுகை தானாக மடங்கியிருக்கிறது, பக்கத்தில் படுத்த பெண்டாட்டி இடி வாங்கியிருக்கிறாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான், அல்லது பிடித்ததாக நினைத்தான். கடைசிச் சுற்றில் கிணற்றின் வெள்ளையடித்த சுவர் தெரிந்ததும், யோசிக்காமல், கண்ணாடி பார்க்காமல், வண்டியை வலதுபக்கம் கொண்டுபோய் உள்பக்கத்தை அடைத்துவிடுவது. அப்படி அடைத்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது வேகம் குறையும், வெளிப்பக்கம் திறந்துவிடும், ஆனால் வெளிப்பக்கமாக வருகிறவன் தேவசகாயம் இல்லையே, அவன் மானஸ்தன், உள்பக்கம்தான் வருவான். பழகினான், பழகினான், நெற்றியில் ஈ உட்கார்ந்தால் கை போகிற மாதிரி ஆகிற வரைக்கும் பழகினான்.

கடைசிச் சுற்று என்று பலகை காட்டினார்கள். காட்டியதும் கண்ணாடியைப் பார்த்தான். ரிஹானா இரண்டு வண்டி நீளத்தில் வருகிறாள். நல்ல ஓட்டக்காரி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகியவள், பதற்றமே கிடையாது, நேற்று வந்து ஆல் தி பெஸ்ட் அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனாள், அண்ணன் என்று கூப்பிட அவளுக்கு தேவசகாயம், அங்கிள் என்று கூப்பிட நானா, அந்த ஆள் என்னைவிட மூத்தவன் தாயீ என்று சொல்லியிருக்க வேண்டும். அவளிடமிருந்து தப்புவது கஷ்டமில்லை, சென்னியப்பனுக்கு நன்றாகத் தெரியும். கொண்டை ஊசிக்கு இடதுபக்கமிருந்து அகலமாக, வழக்கமான வழியில் போனால் போதும், அவளால் எந்தப் பக்கமும் வர முடியாது, அதற்கப்புறம் கொடி வரைக்கும் நேர் ரோடுதான். இடது, இடது, இடதிலேயே இரு, என்று சொல்லிக்கொண்டான், பனைமரம் போயிற்று, பட்டம், வாழ்க்கையில் முதல் பட்டம், இன்றைக்கு ராத்திரி கோயமுத்தூர் பூராவும் போன் அடிக்கும், போத்தனூருக்கு யார் அடிப்பார்கள், ஸ்டெல்லா என்ன செய்வாள், நினைக்காதே, ரோட்டைப் பார், மேட்டில் ஏறி இறங்கியபோது குடல் மேலே வந்து இறங்கியது, ஆ, இதற்காகத்தானே உயிரோடு இருப்பது, இந்தச் சந்தோஷத்தை இனி அந்த ஆள் அனுபவிக்கப்போவதில்லை என்று நினைத்த நொடியில் வாரக்கணக்காக வராத அழுகை முட்டியது. கிணற்றுச் சுவர் தெரிந்தது. வெள்ளைச் சுவர். வலது கண்ணாடி காலி, சுத்தமாகக் காலி, அதைக் கண் பார்த்தது, பார்த்ததை மூளைக்கும் சொல்லியது, கைக்குத்தான் சொல்லவில்லை. கை மடங்கிவிட்டது. வண்டி அழகாக, பிசிறில்லாமல், பல வருஷத்துப் பழக்கத்தோடு வலதுபக்கம் நகர்ந்து, ஆளே இல்லாத உள்பக்கத்தை இறுக்கமாக அடைத்துக்கொண்டது.

இடதுபக்கம் ஆரஞ்சு நிறம் ஒன்று வாசல் திறந்த வீட்டுக்குள் போவதுபோல அமைதியாகப் போயிற்று. வளைவின் இறுக்கத்தில் இவன் வண்டி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது அவள் அகலமாகத் திரும்பி, முழு வேகமும் எடுத்து, கொடியை நோக்கிப் போய்விட்டாள். விரட்டினான். அடித் தகரம் வரைக்கும் மிதித்தான், கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னான், பாதி தனக்கு, பாதி தேவசகாயத்துக்கு, நேர் ரோடு முடிந்தது, கொடி விழுந்தது, இரண்டாவது. எப்போதும்போல இரண்டாவது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது, அழுகை என்றுதான் நினைத்தான், வாயைத் திறந்தால் சிரிப்பு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஆள் மண்ணுக்குள் படுத்திருக்கிறான், வண்டி போத்தனூரில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது, இருந்தும் கடைசிச் சுற்றில், கொண்டை ஊசியில், அதே உள்பக்கத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டுப் போயிருக்கிறான் பாருங்கள். சிரித்தான், கண்ணீரும் கூடவே வந்தது, ஹெல்மெட்டுக்குள் துடைக்க முடியவில்லை, துடைக்கவும் தோன்றவில்லை. மெல்ல வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்தான். வழியெல்லாம் மார்ஷல்கள் கொடியை ஆட்டினார்கள், கிளம்பும்போது கொட்டிக்கிடந்த ரோஜா இதழ்கள் சில ரோட்டோரமாக இன்னும் ஒட்டிக்கிடந்தன.

பெல்ட்டைக் கழற்றி இறங்கி, வண்டிமேல் சாய்ந்து நின்றான். ரிஹானா ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினாள், எப்படி அங்கிள் அந்தப் பக்கம் விட்டீங்க என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாள், நல்லா ஓட்டினே தாயீ, போ, எல்லாரும் உன்னைத் தேடுறாங்க என்று அனுப்பிவைத்தான். மைக்கில் தேவசகாயம் பெயரைச் சொன்னார்கள், இந்த வருஷத்துப் பட்டம் என்றார்கள், சனம் எழுந்து நின்று கை தட்டியது, சென்னியப்பனும் தட்டினான், உள்ளங்கை எரிகிற வரைக்கும் தட்டினான். கோப்பையை வாங்கப் போக வேண்டிய ஸ்டெல்லா மேடைப் பக்கம் போகவில்லை. கொண்டை ஊசி வேலியிலிருந்து வெயிலில் நேராக இவனிடம் நடந்து வந்தாள், முகம் சிவந்திருந்தது, கோபமா அழுததா என்று தெரியவில்லை.

“விட்டுக் குடுத்துட்டீங்கல்ல,” என்றாள்.

இல்லை என்று தலையாட்டினான். அவள் நம்பவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்ததாகவும், தன்னை ஏமாற்ற முடியாதென்றும் சொன்னாள்.

“அந்தப் பக்கம் ஒரு காக்கா குருவிகூட இல்லீங்க. யாருமே வராத எடத்துல எதுக்குங்க போய் அடைச்சீங்க?”

சென்னியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினான். இத்தனை வருஷம் நாக்குக்கு வராத சொல் இப்போது தடங்கலில்லாமல் வந்தது.

“வந்தாருங்க,” என்றான். “அண்ணன் உள்பக்கமா வந்தாருங்க.”